பதினேழாம் நம்பர் வீட்டுத் தூசி

தெருவில் மொத்தம் முப்பத்தொரு வீடு. அதில் இருபத்தாறு வீட்டின் எண் பட்டியலில் வந்துவிட்டது. வராத ஐந்தில் நான்கு பூட்டிக் கிடக்கிற வீடுகள். ஐந்தாவது ஆள் இருக்கிற, பிள்ளை இருக்கிற, அடுப்பு எரிகிற வீடு. சுத்தக்காரியின் வீடு.

பட்டியலைச் சுகாதார அலுவலக ஆட்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 'மண் மாற்றப்பட வேண்டிய வீடுகள்' என்று தலைப்பு. சுத்தக்காரி மேலிருந்து கீழாக மூன்று முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் விரல் வைத்துப் படித்தாள். பதினாறு இருந்தது. பதினெட்டு இருந்தது. பதினேழு இல்லை. அச்சடிக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்று பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுப் பால்காரர் ஆறுதல் சொன்னார். அவர் வீட்டு எண் முதல் வரியில் ஒரு நட்சத்திரக் குறியோடு இருந்தது. தெருவிலேயே அதிகத் தூசி அவர் வீட்டில்தானாம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்குள் துடைப்பம் நுழைந்ததில்லை என்பது ஊரறிந்த விஷயம். மனிதர் ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

சுத்தக்காரி என்பது தெரு வைத்த பெயர். வீட்டிலேயே ஜன்னலோரம் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள் அவள். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், விளக்கு வைக்கும்போது ஒரு தரம் என்று மூன்று வேளை தரையைத் துடைப்பாள். அவள் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றினால் போதாது, காலையும் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் புருஷனே சொல்லிச் சிரிப்பான். சரக்கு வேன் ஓட்டுகிற அவனுக்கு வெளியே எவ்வளவு அழுக்கு வேண்டுமானாலும் ஆகலாம். வாசற்படி தாண்டினால் அவன் அவள் ஆட்சிக்கு உட்பட்டவன்.

இத்தனை துடைத்தும் தூசி தீர்ந்தபாடில்லை. காரணம் தெருக் கோடியில் நின்றது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை உருக்கி வார்க்கிற பட்டறை. பன்னிரண்டு வருடம் ஓடியது. தெரு முழுக்க அதில்தான் வேலை பார்த்தது. சுத்தக்காரியின் புருஷனும் அதன் உலைவாயில் ஆறு வருடம் நின்றவன்தான். இரண்டு வருடம் முன்பு முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டு எந்த ஊருக்கோ போய்விட்டார். மிஷின்களைக் கழற்றி எடுத்துப் போனவர், மதிலுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்த கசடை மட்டும் விட்டுவிட்டுப் போனார். காற்றடித்தால் அது சாம்பல் நிறத்தில் கிளம்பித் தெருவுக்குள் வரும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

கோடையில் ஒரு மருத்துவக் குழு வந்து தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்தது. ரத்தத்தில் காரீய அளவு ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை என்றார்கள். பால்காரரின் பேரனுக்குப் பதினான்கு. கோடி வீட்டு இரட்டைப் பிள்ளைகளுக்குப் பதினெட்டும் இருபதும். சுத்தக்காரியின் மகளுக்கு முப்பத்தெட்டு. மூன்று வயது முடிந்த பிள்ளை. இரண்டு வயதில் பேசிய பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் ஒரு சொல் புதிதாக வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும். டாக்டரம்மா பாலும் முட்டையும் கீரையும் கொடுக்கச் சொன்னார். பிறகு, "இதுக்கு முதல் மருந்து மருந்தில்லம்மா. அந்தத் தூசி வயித்துக்குள்ள போறத நிறுத்தணும். நிறுத்தினா தானா இறங்கும். நிறுத்தலைன்னா ஏறும், மூளையில போய் உக்காரும். போன மூளை திரும்பி வராது," என்று ஒளிக்காமல் சொன்னார்.

அன்றிலிருந்து சுத்தக்காரிக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். வாசல் மண்ணை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுவார்கள், விரிசல் விட்டுக் கிடக்கும் தரைக்குப் புதிதாகப் பூச்சுப் பூசுவார்கள், பட்டறை மதிலுக்குப் பின்னால் கிடக்கும் கசடை மூடுவார்கள் என்று சுகாதார அலுவலகத்தில் சொன்னார்களே, அந்த வேலை தன் வீட்டுக்கு நடக்க வேண்டும். அதற்குப் பட்டியலில் எண் வர வேண்டும்.

வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வயிற்றெரிச்சல் அதுதான்.

போன மாதம் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'திங்கட்கிழமை காலை வீடு வீடாகச் சுகாதார மதிப்பீடு நடைபெறும். வீட்டில் ஒருவர் இருக்கவும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. வீட்டைக் கூட்டாதே, துடைக்காதே என்று ஒரு வார்த்தை போட அவர்களுக்கு மை தீர்ந்துபோனதா என்று பிறகு அவள் பல தடவை கேட்டாள். அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். அரசாங்கத்து ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வந்து பார்த்து, எழுதி வைத்துக்கொண்டு போகப் போகிறார்கள்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மிஷினுக்கு ஓய்வு. பரண் மேலிருந்த பாத்திரம் முதல் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி வரை எல்லாம் வெளியே வந்து குளித்தன. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுத் துலக்கினாள். தரையை உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்காததுதான் பாக்கி. ஞாயிறு சாயங்காலம் வாசலைப் பார்த்தாள். வாசல் மண் சாம்பல் பூத்துக் கிடந்தது. பார்க்க நன்றாக இல்லை. புருஷனை விரட்டி, வேனில் ஆற்று மணல் கொண்டுவரச் சொல்லி, வாசல் முழுக்க நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, துடைப்பத்தால் கோடு கோடாக இழுத்தும் விட்டாள். கல்யாண வீடு தோற்றது.

திங்கட்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். கேள்வி கேட்க ஒரு பெண், தூசி எடுக்க ஓர் ஆள். அந்த ஆள் கையுறை மாட்டிக்கொண்டு, தரையில் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் ஒரு ஈரத்துணித் துண்டால் மேலும் கீழுமாக ஒரு தரம், குறுக்காக ஒரு தரம் துடைத்து, துணியை மடித்து ஒரு குப்பிக்குள் போட்டு மூடினான். ஜன்னல் கட்டையிலும் அப்படியே. வாசலில் ஒரு சிறு கரண்டியால் மேல் மண்ணைச் சுரண்டி எடுத்தான். துணி எடுக்கும்போது இருந்த வெள்ளையிலேயே குப்பிக்குள் போனது. "இவ்ளோ சுத்தமா எந்த வீட்டையும் பாத்ததில்லம்மா," என்றான். சுத்தக்காரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கேள்விக்காரப் பெண் பாய் மேல் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், வாசலில் காய் போட்டுச் சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவள், பிள்ளை விஷயத்துக்கு வந்தாள்.

"குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கைய வாயில வைக்கும்க்கா?"

"அந்தப் பழக்கமே கெடயாது மேடம்."

"மண்ணு எடுத்து வாயில போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"ஐயையே. எம்பொண்ணா? நான் அப்படி வளக்கலீங்க."

சொன்னது முழுப் பொய். முந்தின வாரம்தான் வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்த பிள்ளையின் முதுகில் இரண்டு வைத்து, வாய்க்குள் விரல் விட்டு மண்ணைத் தோண்டி எடுத்திருந்தாள். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் பிள்ளை மண் தின்னுமா என்று கேட்டால் எந்தத் தாய் ஆமாம் என்பாள்? பால்காரர் சொன்னார். பேரன் மண்ணும் தின்பான், மாட்டுக்கு வைத்த தீவனமும் தின்பான் என்று வெட்கமில்லாமல் சொன்னார். நட்சத்திரக் குறி வாங்கிவிட்டார்.

பட்டியல் ஒட்டிய அன்று புருஷன் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் வராததுமாகக் கத்தினான். "வருஷம் பூரா தொடைக்கிற. அந்த ஒரு நாள் கையக் கட்டிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"வர்றவங்க என்ன நெனப்பாங்கன்னு இருக்காதா?"

"இப்ப என்ன நெனச்சுட்டாங்க பாரு. இந்த வீட்ல விஷமே இல்லைன்னு நெனச்சுட்டாங்க."

மணல் ஏற்றி வந்தது யார் என்று கேட்க அவளுக்கு வாய் துடித்தது. கேட்டிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

மறுநாளே பஸ் பிடித்துச் சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். மதிப்பீட்டு அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பதினேழாம் எண் கோப்பை எடுத்துப் பொறுமையாக விளக்கவும் செய்தார். அந்தப் பொறுமைதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"இங்க பாருங்கம்மா. பட்டறையில காரீயம் இருக்கு. அது நிரூபணம் ஆயிடுச்சு. உங்க குழந்தை ரத்தத்துல காரீயம் இருக்கு. அதுவும் நிரூபணம் ஆயிடுச்சு. ஆனா அங்கேருந்து இங்க எப்படி வந்துச்சுங்கிற வழி இருக்கே, அது உங்க வீட்டப் பொறுத்தவரை முழுமையா இல்ல. தரை சுத்தம். மண்ணு சுத்தம். குழந்தை கைய வாயில வைக்கிறதில்ல. அப்ப நடுவுல என்னன்னு எழுதறது?"

"தூசிதான் சார். வேற என்ன?"

"தூசி காகிதத்துல இல்லையேம்மா."

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். மூன்று நாள் தேய்த்தது, சுண்ணாம்பு அடித்தது, மணல் போட்டது எல்லாம். மணலைத் தள்ளிவிட்டு அடியில் தோண்டிப் பார்க்கச் சொன்னாள். பிள்ளை கையில் படுவது மேல் மண்தான், அதனால் மேல் மண்ணை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பது விதி என்றார் அவர். இப்போது அந்த மணல்தான் உங்கள் வீட்டு மேல் மண் என்றும் சொன்னார். பால்காரர் பேரனுக்குப் பதினான்கு, அவர் வீடு முதல் வரியில் இருக்கிறது, என் பிள்ளைக்கு முப்பத்தெட்டு, என் வீடு இல்லை, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். பட்டியல் ரத்தத்தை வைத்துப் போட்டதில்லை, வீட்டை வைத்துப் போட்டது, ரத்தத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அது பக்கத்துக் கட்டிடம் என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு. சுவரும் அழுக்காக இருந்தது.

கடைசியில் ஒரு வழி சொன்னார். மறு மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆட்கள் மறுபடி வருவார்கள். ஆனால் அதற்கு முன் ஏழு நாள் வீட்டைக் கூட்டக் கூடாது, துடைக்கக் கூடாது, தூசி தட்டக் கூடாது, வாசலில் மண் போடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தன்னைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தண்டனையைக் கொடுத்திருந்தாலும் அது தண்டனையாகவே இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

முதல் வேலையாகப் பிள்ளையைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடத் துணிமணி எடுத்து வைத்தாள். தூசியைச் சேர்க்கிற வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று கேள்விக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தாள். கேட்டதுதான் வினை. குழந்தை அங்கே தங்கவில்லை என்றால் படிவத்தில் 'குழந்தை இல்லாத வீடு' என்று மாறிவிடும், அந்த மாதிரி வீட்டுக்கு அளவு வேறு, இருக்கிற தூசி போதாமல் போய்விடும், குழந்தை இருந்தாக வேண்டும் அக்கா என்றாள் அந்தப் பெண். பிள்ளைக்குத் தூசி ஆகாது என்று நிரூபிக்கப் பிள்ளையைத் தூசியில் வைத்திருக்க வேண்டும். சுத்தக்காரி போனை வைத்துவிட்டு, எடுத்து வைத்த துணியை மறுபடி மடித்துப் பெட்டியில் போட்டாள். ஏழு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிள்ளையைக் கட்டிலை விட்டு இறக்குவதில்லை என்று முடிவு செய்தாள். கட்டில் மேலேயே சாப்பாடு, கட்டில் மேலேயே விளையாட்டு. மூன்று வயதுப் பிள்ளை கேட்குமா? முதல் நாள் வெட்டுத்துணிகளைக் கொடுத்து ஏமாற்றினாள். இரண்டாம் நாள் பிள்ளை துணியைத் தூக்கி எறிந்துவிட்டு வீறிட்டது. மூன்றாம் நாள் ஒரு மழை பெய்து, வாசலில் போட்ட மணலில் பாதியைச் சாக்கடைக்கு அடித்துக்கொண்டு போயிற்று. அதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம். அன்று சாயங்காலம் மிஷினை விட்டு எழுந்து திரும்பிப் பார்த்தபோது தரையில் தன் காலடித் தடம் தெரிந்தது. கல்யாணமாகி வந்து எட்டு வருடத்தில் இந்த வீட்டுத் தரையில் தடம் தெரிந்ததில்லை. கை தானாகத் துடைப்பத்துக்குப் போனது. துடைப்பத்தைக் கொண்டுபோய்ப் பால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கே அது பத்திரமாக இருக்கும், யாரும் தொட மாட்டார்கள்.

நான்காம் நாள் நாத்தனார் வந்தாள். புருஷனுக்கு மூத்தவள். இதற்கு முன் வந்தபோதெல்லாம் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து திரும்பியவள். வாசற்படியிலேயே நின்று, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். சுத்தக்காரி காரணத்தைச் சொன்னாள். விதியைச் சொன்னாள். ஏழு நாள் கணக்கைச் சொன்னாள். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாற்காலியைத் தன் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, தட்டாதீங்க. அதையும் எடுப்பாங்க."

"நல்லா இருக்குடியம்மா. அழுக்கு இருந்தாத்தான் அரசாங்கம் பாக்குமா? நான் ஊர்ல போய் என்னன்னு சொல்லுவேன்? எந்தம்பி பொண்டாட்டி தூசி வளக்கிறான்னா?"

டீ கொடுத்தபோது டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். போகும்போது தம்பியைத் தனியே கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா அவளுக்கு, நல்ல டாக்டராகப் பார் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதையும் அவன் வந்து இவளிடம் ஒப்பித்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தான்.

ஏழாம் நாள் காலையில் பிள்ளைக்குத் தலை வாரி, நல்ல சட்டை போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. யாரும் வரவில்லை. போன் செய்தால், வண்டி பழுது, நாளைக்கு நிச்சயம் என்றார்கள். மறுநாள் போன் செய்தால், தூசி எடுக்கிறவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் பார்க்கலாம், அதுவரைக்கும் வீட்டை அப்படியே வைத்திருங்கள் என்றார்கள். எந்தப் பயிற்சி என்று கேட்டாள். வீடுகளில் தூசி எடுக்கிற பயிற்சிதான் என்று பதில் வந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம், சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையின் சத்தமே இல்லையே என்று திரும்பினாள். கட்டிலில் பிள்ளை இல்லை. மிஷினுக்கு அடியில், மிதிகட்டைக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தரையில் உள்ளங்கையைத் தேய்ப்பதும், எடுத்து நக்குவதும், மறுபடி தேய்ப்பதுமாக இருந்தது. உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு மீசை. அம்மாவைப் பார்த்ததும் அடி விழும் என்று தெரிந்து கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

அவள் அடிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வாயையும் கையையும் கழுவினாள். இடுப்பில் வைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி, பால்காரர் வீட்டில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போனவள், அந்த வீட்டுத் தரையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாள். கோடி வீட்டுக்காரி முற்றம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் விட்டாள். வீட்டுக்கு வந்து மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

கூட்டவில்லை. கூட்டினால் தூசி பறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து, மூலையிலிருந்து ஆரம்பித்து, முட்டி போட்டு ஒவ்வொரு சாணாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் கட்டை, மிஷின் கால், கட்டிலுக்கு அடி, கதவு மூலை, ஒன்றையும் விடவில்லை. வாளித் தண்ணீர் முதலில் கலங்கி, பிறகு பழுப்பாகி, கடைசியில் ஈயம் பூசிய பாத்திரத்து உட்புறம் மாதிரி பளபளத்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கசடு படிந்தது. ஒன்பது நாள் அடக்கி வைத்த கை. வேலை முடிந்தபோது முதுகு ஒடிந்துபோயிற்று, மனசு மட்டும் கொஞ்சம் லேசாயிற்று.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் வந்தான். ஈரத் தரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒன்பது நாள் போச்சே, எல்லாம் போச்சே என்று புலம்பினான்.

"புள்ள தரைய நக்கிட்டு இருந்தா," என்றாள். "பட்டியல்ல வராட்டி போகட்டும். நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவள் வாளியை எடுத்தாள், எங்கே ஊற்றுவது என்று யோசித்தாள். வாசலில் ஊற்றினால் அதே மண். சாக்கடையில் ஊற்றினால் அது ஆறடி தள்ளித் திறந்துதான் ஓடுகிறது, தெருப் பிள்ளைகள் அதில் கப்பல் விடும். வாளியைப் பிடித்தபடி நின்றவளுக்கு அந்தக் கையுறைக்காரன் ஞாபகம் வந்தது. அவன் செய்ததும் இதுதானே? ஈரத்துணி, துடைப்பு, ஒரு குப்பி. அவன் ஒரு சாண் துடைத்தான். இவள் வீடு பூராவும் துடைத்திருக்கிறாள். துணியை வாளிக்குள்ளேயே போட்டு, மூடியை அழுத்தி மூடினாள். அலுவலகம் சாத்த இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வேன் சரக்கோடு நின்றதால் பஸ்ஸில்தான் போனாள். கண்டக்டர் வாளியில் என்ன என்று கேட்டான். வீடு என்றாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

மதிப்பீட்டு அதிகாரி வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி வாளியைப் பார்த்தார். இதை எடுத்துக்கொள்ள வழியில்லை என்றார். மாதிரியைப் பயிற்சி பெற்ற ஆள்தான் எடுக்க வேண்டும், அளந்த சதுரத்துக்குள் எடுக்க வேண்டும், முத்திரை வைத்த குப்பியில் வர வேண்டும், வீட்டுக்காரரே கொண்டுவந்து கொடுத்தால் அதில் என்ன கலந்தது என்று யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அதே பொறுமை.

சுத்தக்காரிக்கு வாதாடத் தெம்பில்லை. கை மரத்துப்போயிருந்தது. அந்தத் தண்ணீரை மறுபடி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய், துடைத்த வீட்டுக்குள் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, அறை மூலையிலிருந்த கழுவுதொட்டியிடம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மூடியைத் திறந்தாள். உண்மையாகவே கொட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தாள். வேறு எந்த எண்ணமும் இல்லை.

பியூன் ஓடிவந்து குறுக்கே கை நீட்டினார். "அதுல ஊத்தாதம்மா. நாங்க சாப்பாட்டுக்குக் கை கழுவுற எடம்."

"பின்னாடி தோட்டம் இருக்குங்களா?"

"தோட்டத்துல வேணாம்," என்றாள் தட்டச்சு செய்கிற பெண், நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே. "கீரை போட்டிருக்கோம்."

அதிகாரியும் எழுந்து வந்துவிட்டார். வாளிக்குள் எட்டிப் பார்த்தவர், இழுப்பறையைத் திறந்து ஒரு ஜோடிக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு, மூடியைத் தானே அழுத்தி மூடி, சுற்றிலும் நாடா ஒட்டினார். "ஓரமா வைங்க. யாரும் கிட்ட போகாதீங்க. கைல பட்டுச்சுன்னா சோப்புப் போட்டுக் கழுவிடுங்க," என்று மற்ற இரண்டு பேரிடமும் சொன்னார்.

சுத்தக்காரி அவர் கையுறையைப் பார்த்தபடி நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"ஒம்பது நாளா எம்பொண்ணு அது மேலதான் சார் இருந்தா. நீங்க சொன்னீங்கன்னுதான் தொடைக்காம வச்சிருந்தேன்."

அதிகாரி மேசைக்குப் போய் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்ற மறந்து பேனாவை எடுத்தார், வைத்தார், கையுறையைக் கழற்றினார். பிறகு அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். தட்டச்சுப் பெண் தலையை நிமிர்த்தாமலே, பன்னிரண்டாவது விதி சார் என்றாள். மதிப்பீட்டு அதிகாரி தன் கண்ணால் கண்டு, ஆபத்து உண்டென்று கருதினால், மாதிரி இல்லாமலே ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்க்கலாம் என்பது அந்த விதி. அவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதினார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். பதினேழாம் எண் வீடு சேர்க்கப்பட்டுவிட்டது, திங்கட்கிழமை மண் தோண்ட ஆள் வரும், அதுவரை குழந்தையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவள் தாளை வாங்கி, எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"சார், அந்தப் பன்னெண்டாவது விதி, போன தடவை நான் வந்தப்பவும் இருந்துதுங்களா?"

அதிகாரி முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"இருந்துச்சும்மா."

நாடா ஒட்டிய வாளி அவள் காலடியில்தான் இருந்தது. அதை அப்படியே தூக்கி, மூடியைப் பிய்த்து, அவர் மேசை மேல், கோப்பு மேல், விதிப் புத்தகத்தின் மேல் கவிழ்த்துவிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. குனிந்து கைப்பிடியைத் தொடக்கூடச் செய்தாள். அப்புறம் அதை யார் துடைப்பது என்று நினைத்து விட்டுவிட்டாள்.